டாக்டர் வீட்டுப் பெயரும் எங்கள் பெயரும்

எங்கள் குடும்பப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு ஜெர்மன்காரரின் பெயர். எங்கள் பக்கத்தில் அதைச் சரியாகச் சொன்னவர்கள் குறைவு. அப்பா வேலை பார்த்த மிராசுதார் வீட்டில் அது வாயில் நுழையவில்லை என்று "வேதக்காரா" என்றே கூப்பிட்டார்கள். ரேஷன் கடையில் ஒரு மாதிரி எழுதினார்கள், பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி. எப்படி எழுதினாலும் அப்பா திருத்திச் சொல்வார். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்த மனுஷர், அந்த ஒரு சொல்லில் மட்டும் புள்ளி தவறவிட மாட்டார்.

பெயர் வந்த கதையை அப்பா இப்படித்தான் சொல்வார். கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய பாதிரிமார்களில் ஒருவர் உள்நாட்டுக்கு நடந்து வந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் கையால் தண்ணீர் வாங்கிய எங்கள் முன்னோர் ஒருவர் அவருடைய பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதே பாதிரியார் அதே காலத்தில் டவுனில் ஒரு வேளாளக் கணக்கப்பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அவரும் அதே பெயரைச் சேர்த்துக்கொண்டார். கணக்கப்பிள்ளையின் வம்சத்தில் ஒரு பிஷப் வந்தார். மதராஸில் ஒரு ஜட்ஜ் வந்தார். மதுரைப் பக்கம் ஒரு அம்மாள் அந்தக் காலத்திலேயே டாக்டருக்குப் படித்தார். வெளிநாடு போய் ஹாக்கி ஆடிய ஒருவரும் உண்டு. எங்கள் வம்சத்தில் வந்தவர்கள் நாற்று நட்டார்கள், கதிர் அறுத்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள்.

அப்பா இந்தப் பெரிய மனிதர்கள் எல்லோரையும் "நம்மாளு" என்பார். ராத்திரி கஞ்சி குடிக்கும்போது பிஷப்பைப் பற்றிப் பேசுவார். ஜட்ஜ் ஒரு வழக்கில் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று, வேதக் கோயிலில் யாரோ பேசிக் கேட்டதை எங்களிடம் சொல்வார். ஒருமுறை டீக்கடை ரேடியோவில் ஹாக்கி வர்ணனையில் அந்தப் பெயர் வந்தபோது, வெளியே நின்று எங்களுக்கென்று வைத்திருந்த தகரக் குவளையில் டீ குடித்துக்கொண்டே, "இது எங்க பேருங்க" என்றாராம். கடைக்காரர், "அப்ப கோப்பையில உனக்கும் பங்கு உண்டுன்னு சொல்லு" என்றிருக்கிறார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இதை வீட்டுக்கு வந்து அவரே சொன்னார், பெருமையாக.

அம்மாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. "அவங்களையெல்லாம் உனக்குத் தெரியுது. உன்னை அவங்களுக்குத் தெரியுமா?" என்பாள்.

தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்தக் கணக்கப்பிள்ளையின் பேரன் வழி வந்த டாக்டர் ஒருவர் எங்கள் சபையிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்பெஞ்சு அவர் குடும்பத்துக்கு. அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பின்னால் பாயில் உட்காருவோம். இராப்போஜனத் திராட்சரசக் கிண்ணம் அவர்கள் வாயில் பட்டு, மற்ற பெஞ்சுக்காரர்கள் வாயில் பட்டு, கடைசியில் எங்களிடம் வரும். போதகர், அதாவது எங்கள் சபை வழக்கப்படி ஐயர், அறிவிப்பு வாசிக்கும்போது டாக்டரின் பெயர் வரும். காணிக்கையோ, அன்பளிப்போ, கமிட்டியோ ஏதாவது ஒன்றில் வரும். அப்போது அப்பா நிமிர்ந்து உட்காருவார், தன்னைத்தான் கூப்பிட்ட மாதிரி.

அப்பாவுக்கு ஒரு அண்ணன். எங்கள் குடிசைக்கு அடுத்த குடிசை. பெரியப்பா தன் கல்யாணத்தோடு கோயிலை விட்டுவிட்டார். பெரியம்மா வீட்டார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் கேட்டார்கள், இவர் திருநீறு பூசிக்கொண்டார், ஞானஸ்நானப் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து விட்டுவிட்டு முன்னோர் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் சண்டை இல்லை. இரண்டு பேரும் ஒரே பண்ணையில் வேலை செய்தார்கள், ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டார்கள்.

ஆட்சி மாறிய புதிது. எங்கள் தெருவின் ஒரு முனையில் கறுப்பு சிவப்புக் கொடியும் இன்னொரு முனையில் செங்கொடியும் ஏறின. கதிரறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி எல்லா ஊரிலும் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வயல் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து மறித்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அன்றைக்குப் பயந்துகொண்டேதான் போனார். ஆனால் போனார். அதை நான் சொல்லியாக வேண்டும்.

போலீஸ் வேன் வந்தது. ஆண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு டவுன் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே நடந்ததைப் பெரியப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எல்லோரையும் தரையில் உட்கார வைத்து ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார்கள். அப்பா தன் பெயரை முழுதாகச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார்.

"டாக்டருக்கு நீ என்ன வேணும்?"

"ஒரே பேருங்க" என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருடைய தாயாருக்கு டாக்டரிடம் வைத்தியம் நடந்துகொண்டிருந்ததாம். அவர் அப்பாவை எழுந்திருக்கச் சொன்னார். பெஞ்சில் உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கூட்டத்துல உனக்கென்னய்யா வேலை, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். அப்பா வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே அடி விழ ஆரம்பித்துவிட்டது.

பெரியப்பா மறுநாள் வந்தார். முதுகெல்லாம் தடித்திருந்தது, ஒரு காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அப்பா விளக்கெண்ணெய் எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்குப் போனார். பெரியம்மா கதவோரம் நின்று வழி விடவில்லை. உள்ளேயிருந்து பெரியப்பா குரல் மட்டும் கேட்டது.

"ஒரே வயித்துல பொறந்தோம். அடி மட்டும் எனக்கா?"

அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தார். அது அங்கேயே கிடந்தது. தெருவில் அதற்குப் பிறகு அப்பா வந்தால் பேச்சு நின்றுவிடும். செங்கொடிக்காரர்கள் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அவர் பெயர் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அப்புறம் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மிராசுதார் வீட்டில் மாட்டுக்காரப் பையன் பெயரிலும், இல்லாத மருமகள் பெயரிலும் நிலத்தை எழுதி வைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. அது போக மிஞ்சியது வடிகால் ஓரத்துக் களர் நிலம். அதை எடுத்து நிலமில்லாத கூலிக்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றார்கள். களரோ உவரோ, நிலம் என்ற சொல்லே எங்கள் தெருவில் யாரையும் தூங்கவிடவில்லை. பந்தல் போட்டு, மைக் கட்டி, அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். எங்கள் வரிசையில் மற்ற வீடுகளையும் கூப்பிட்டார்கள். அப்பா பெயர் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கர்ணத்திடம் போய்க் கேட்டார். நானும் கூட இருந்தேன். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.

"நீ இதுல வரமாட்டே வேதக்காரா" என்றார் கர்ணம்.

"ஏங்க? நானும் அதே தெருதானுங்களே?"

"தெரு அதேதான். பேரு வேறயாச்சே. முதல்ல ஆதிதிராவிடருக்கு. வேதத்துக்குப் போனவங்க அந்தக் கணக்குல இல்லை. மிச்சம் இருந்தா உங்களுக்கு."

"மிச்சம் இருக்குதுங்களா?"

கர்ணம் வெற்றிலையைத் துப்பினார்.

"எங்கண்ணனுக்குக் குடுத்திருக்காங்களே" என்றார் அப்பா.

"அவன் திரும்பி வந்துட்டான்ல? நீயும் மாரியம்மன் கோயில்ல போய்த் திருநீறு வாங்கிக்க. அந்தத் தொரை பேரைத் தூக்கிப் போடு. மனு குடு, அடுத்த தடவை பாக்கலாம். இல்லேன்னா பெரிய மனுஷங்க யாராவது மேல சொன்னா தனியா ஏதாச்சும் பண்ணலாம்."

பந்தல் பிரிக்கும் இடத்தில் நின்ற கட்சிக் கிளைச் செயலாளர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தன் பெயரைத் தூய தமிழில் மாற்றிக்கொண்டவர். அப்பா தோளில் கை போட்டார். எங்கள் தெருக்காரர் தோளில் கை போடுகிற ஆட்கள் அப்போது குறைவு, அதனால் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. "சாமி பேரும் வேணாம், வெள்ளைக்காரன் பேரும் வேணாம். நான் ஒரு நல்ல தமிழ்ப்பேர் சொல்றேன், வச்சுக்குங்க" என்றார்.

"வச்சா நிலம் கிடைக்குங்களா?"

"அது தெரியாதுங்க. தன்மானம் கிடைக்கும்."

அப்பா கும்பிட்டுவிட்டு நடந்தார். வழியில் என்னிடம், "பெரிய மனுஷங்க சொன்னா நடக்கும்னுதானே சொன்னாரு? நமக்குப் பெரிய மனுஷங்க இல்லையா?" என்றார். அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்திருந்தது.

அடுத்த நாள் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனார். எம்.எல்.ஏ.வே அவரிடம்தான் ரத்தக் கொதிப்புக்குப் பார்க்கிறார், அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அப்பாவின் கணக்கு. டாக்டர் வீட்டு முன்பக்கம்தான் டிஸ்பென்சரி. பெயர்ப்பலகையில் எங்கள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அப்பா அதை ஒருமுறை படித்தார். நோயாளிகள் எல்லோரும் போகும்வரை வராந்தாவில் நின்றோம். கம்பவுண்டர் இரண்டு தடவை வந்து சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அப்பா இரண்டு தடவையும், "உடம்புக்கு இல்லீங்க, ஐயாவைப் பாக்கணும்" என்றார்.

உள்ளே போனதும் டாக்டர் அப்பாவை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து இருவரும் ஒரே கோயிலில் ஜெபம் செய்தவர்கள். அப்பா தன் பெயரைச் சொன்னார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஓ, நீதானா அது? ஸ்டேஷன்ல என் பேரைச் சொல்லி வெளியில வந்தவன்?"

"உங்க பேரைச் சொல்லலீங்க ஐயா. என் பேரைத்தான் சொன்னேன்."

அப்பா அதைப் பணிவாகத்தான் சொன்னார். ஆனால் மருந்து கலந்துகொண்டிருந்த கம்பவுண்டரின் கை நின்றுவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை. அவர் குரலை உயர்த்தாதவர். அவர் சிரித்தார் என்று கூடச் சொல்லலாம்.

"அது எப்படிய்யா உன் பேராகும்? அந்தக் காலத்துல ஐயர்மாருங்க உங்க ஆளுங்களுக்கு ஏதோ ஒரு பேரைக் குடுத்துட்டுப் போனாங்க. எங்களுக்கு அது குடும்பம். சரி, எதுக்கு வந்தே?"

அப்பா நிலத்தைப் பற்றிச் சொன்னார். கர்ணம் சொன்னதையும் சொன்னார். ஐயா ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்றார். வீட்டில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்த பேச்சு, அங்கே பாதியில் தடுமாறியது. டாக்டர் கேட்டு முடித்தார்.

"கர்ணம் நல்ல யோசனைதான் சொல்லியிருக்கான். அந்தப் பேர் உனக்கு எதுக்கு? விட்டுடு. நிலம் கிடைக்கும். இந்தப் பொண்ணு படிக்குதில்ல, இதுக்கும் சலுகை கிடைக்கும். எங்களுக்கும் தொல்லை இருக்காது. உங்க சொந்தக்காரர் செங்கொடி புடிச்சுக்கிட்டு வரப்புல உக்காந்திருக்காரேன்னு கிளப்புல கேக்கறாங்கய்யா என்னை."

"கோயிலை விடச் சொல்றீங்களாங்க ஐயா?"

"கோயிலுக்கு வா. யார் வேணாம்னா? பேரை மட்டும் விடு."

அப்புறம் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பெண் வெளுத்திருக்கிறாள், ரத்தம் குறைவு என்றார். கம்பவுண்டரிடம் சொல்லி ஒரு டானிக் பாட்டில் கொடுக்கச் சொன்னார். சிவப்பு நிற டானிக். நான் கையில் வாங்கிக்கொண்டேன். வராந்தாவுக்கு வந்ததும் அப்பா அதை என் கையிலிருந்து எடுத்து பெஞ்சில் வைத்தார். வைத்த சத்தம் உள்ளே கேட்டிருக்கும்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தோம். குறுவை அறுத்த வயலில் கொக்குகள் நின்றன. எனக்குப் பசி. அவர் முன்னால் வேகமாக நடந்தார், நான் ஓடி ஓடிச் சேர்ந்துகொண்டேன். மதகடியில் நின்று திரும்பினார்.

"கர்ணம் சொன்னப்பக்கூட யோசிச்சேன். மாத்திக்கலாமான்னு யோசிச்சேன். இனிமே மாட்டேன். அவன் சொன்னதுக்காகவே மாட்டேன்."

அப்பா டாக்டரை 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

வீட்டில் அம்மாவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் அப்பா பக்கம் திரும்பி, "பேரை நட்டா முளைக்குமா?" என்றாள். அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "டானிக்கையாவது கொண்டாந்திருக்கலாம்" என்றாள்.

அப்பா மனு கொடுக்கவில்லை. அடுத்த தடவை என்று கர்ணம் சொன்னது ஒன்று வரவேயில்லை. பெரியப்பா அந்தக் களரில் எருவடித்து, வண்டல் அடித்து, சில வருஷத்தில் நெல் விளைய வைத்துவிட்டார். அம்மா அதே வயலில் கூலிக்கு நட்டாள். மச்சாண்டார் வயலில் மற்ற பெண்களோடு வரிசையில் நின்று நட்டு, அவர்களோடு வரிசையில் நின்று கூலி நெல் வாங்கி வந்தாள். பெரியம்மா நல்லவள்தான், களத்தில் சிந்தியதைக் கூட்டி அம்மா முந்தானையில் போடுவாள். அது அம்மாவுக்கு இன்னும் கசந்தது. "நாமளும் கரையேறியிருக்கலாம், இவரு ஒருத்தரோட ரோஷத்துல முழுகிட்டோம்" என்று நடவுப் பெண்களிடம் சொல்லுவாள், அப்பா காதில் விழும்படி. அப்பா அந்த வயல் பக்கமே போக மாட்டார். பஸ் ரோட்டுக்குப் போக அந்த வரப்புதான் குறுக்குவழி. அவர் வடிகாலைச் சுற்றிக்கொண்டு போவார்.

நான் அப்போது யார் பக்கம் என்று கேட்டால், அம்மா பக்கம். அப்பாவின் பெருமையைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள முடியவில்லை. கோயிலில் டாக்டர் பெயர் வாசிக்கப்படும்போது அப்பா இப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு பெருமை, இப்போது வீம்பு. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பள்ளிப் படிப்பு முடிந்தது. நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பினேன். தலைமையாசிரியை என் மார்க்கைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். "டாக்டருக்குச் சொந்தமாம்மா?" என்றார். இல்லை என்றேன், தெருவைச் சொன்னேன். அவர் முகம் ஒருமுறை சுருங்கி, பிறகு பரிதாபமானது. "இந்த மார்க்குக்கு ஆதிதிராவிடர்னு இருந்தா நிச்சயம் கிடைக்கும். நீங்க பிற்பட்டோர் கணக்குல வருவீங்க. கஷ்டம்மா" என்றார்.

அம்மா அன்றைக்குச் சாயங்காலமே பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அப்பாவிடம் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பெரியப்பா அம்மாவையும் என்னையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். பூசாரி திருநீறு பூசினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார். என் பெயரின் பின்பாதி போயிற்று. முன்பாதிக்கும் வேறு பெயர் வந்தது. தெருப் பெரியவர்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பசியோடு இருக்கிறவன் எந்த இலையில் சாப்பாடு என்று பார்ப்பானா?

சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு மணியக்காரர் வீட்டுக்கு வந்த அன்று அப்பா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மணியக்காரர் நின்றபடியே கேட்டார்.

"இந்த வீட்டுல எல்லாரும் இந்துதானே?"

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நான் அவள் பின்னால். அப்பா எங்களைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வாழ்க்கையில் அவள் அவரிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. அன்றைக்கும் வாய் திறக்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான்.

"அவங்க ரெண்டு பேரும் ஆமாங்க" என்றார் அப்பா. "நான் இல்லை."

மணியக்காரர் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். பெரியப்பா போய் அவரிடம் பேசி முடித்தார். எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, இடம் கிடைத்தது, பிறகு அரசு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. அம்மாவையும் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தார். பாயில் அவர் பக்கத்தில் இரண்டு இடம் காலியாகவே இருக்குமாம், யாரும் நகர்ந்து உட்கார மாட்டார்களாம். என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த வேட்டியைக் கட்டினார். என் புதுப் பெயரை மட்டும் கடைசிவரை வாயால் சொல்லவில்லை. "அம்மா" என்றோ "பாப்பா" என்றோ கூப்பிட்டே காலத்தை ஓட்டினார்.

அவர் நுரையீரலில் நீர் கோத்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். சாகும் முன் கேட்டது ஒன்றுதான். கல்லறையில் முழுப் பெயரையும் போட வேண்டும். எழுத்துப் பிசகக் கூடாது.

அதற்குள் டாக்டர் இறந்துபோயிருந்தார். அவர் மகன் வக்கீல், சபைக் கமிட்டியில் பெரிய பொறுப்பில் இருந்தார். நான் போய் நின்றதும் எழுந்து நாற்காலி போட்டார். தன் அப்பா டாக்டரைவிட மரியாதை தெரிந்தவர், 'வாங்க, உக்காருங்க' என்றார். அடக்கத்துக்கு ஒரு தடையும் இல்லை என்றார், வாய்க்கால் ஓரத்துப் பகுதியில் இடம் உண்டு. வாய்க்கால் ஓரம் என்றால் எங்கள் தெருக்காரர்களுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் குடும்பக் கல்லறைகள்.

"பேர் விஷயம் மட்டும்" என்றார். "ஞானஸ்நானப் பேரை மட்டும் போடுங்க. குடும்பப் பேர் வேண்டாம். வெளிநாட்டுல இருந்தெல்லாம் எங்க சொந்தக்காரங்க கல்லறை பாக்க வர்றாங்க. குழப்பம் வரும்."

"அது எங்கப்பா பேருங்க" என்றேன்.

"இருக்கலாங்க. ஆனா எழுதிக் கேக்கறது யாரு? சபையில உங்க பேர் இல்லை. உங்கம்மா பேரும் இல்லை. ரெண்டு பேரும் இந்துன்னு ரெக்கார்டுல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "நீங்க கவர்ன்மென்ட் வேலையில இருக்கீங்க. கோயில் கல்லறையில உங்க பேரால மனு, கல்வெட்டுன்னு போனா, நாளைக்கு எவனாவது உங்க சான்றிதழ் பொய்னு பெட்டிஷன் போடுவான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே என் நல்லதுக்குத்தான் சொன்னாரோ என்னவோ. அது எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து வந்துவிட்டேன். வேலை போனால் அம்மா மறுபடி சேற்றில் இறங்க வேண்டும், கல்யாணமாகி எனக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள். இதையெல்லாம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நினைத்து முடித்துவிட்டேன். அப்பாவாக இருந்திருந்தால் டானிக் பாட்டிலை வைத்த மாதிரி எதையாவது வைத்துவிட்டு வந்திருப்பார். என்னிடம் வைத்துவிட்டு வர எதுவும் இல்லை.

சிமென்ட் சிலுவையில் பெயரின் முன்பாதியை மட்டும் கொத்தனார் எழுதினார். பின்னால் இடம் காலியாக இருந்தது. "இன்னும் ஏதாச்சும் எழுதணுமாங்க?" என்று கேட்டார். அம்மாதான் "போதும்ப்பா" என்றாள். அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "நான் செஞ்சது தப்புன்னு மட்டும் நீ நினைச்சுடாதே" என்றாள். நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் நினைக்கவில்லை. அவள் செய்தது சரி, அவர் செய்ததும் சரி, அப்படியிருந்தும் எங்களுக்கு ஏன் இப்படி நடந்தது என்று கேட்க எங்களுக்கு ஒரு வாசல் இல்லை. கோயிலில் கேட்டால் நீ எங்கள் ஆள் இல்லை என்பார்கள். ஆபீஸில் கேட்டால் சான்றிதழை நீட்டச் சொல்வார்கள்.

அம்மா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தாள். என் குவார்ட்டர்ஸில் ஒரு மூலையில் மாரியம்மன் படம் வைத்திருந்தாள், பூ வைக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மணி கேட்டால் கை வேலையை நிறுத்துவாள், எழுந்து போக மாட்டாள். அவள் இறந்தபோது பெரியப்பாவின் பிள்ளைகள் வந்தார்கள். பறையடித்து, பூப்பல்லக்கு கட்டி, ஆற்றங்கரையில் கொண்டுபோய் எரித்தார்கள். என்னைக் கேட்டார்கள்தான், எப்படிச் செய்யட்டும் என்று. அப்பா பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் ஆபீஸிலிருந்து எல்லோரும் மாலையோடு வந்து நின்றிருந்தார்கள். அவர் வாய்க்கால் ஓரத்தில் கிடக்கிறார், அவள் சாம்பலாகி ஆற்றோடு போனாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, மத்தியான வெயிலில் ஐயர் வந்தார். அங்கி இல்லை, சாதாரண சட்டை. சபைக்கு வந்து அதிக நாள் ஆகாத இளம் வயதுக்காரர். மோட்டார் சைக்கிளைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். "அப்பாவைப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க. அம்மாவுக்காக ஒரு ஜெபம் செய்யலாம்னு வந்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். யாருக்குத் தெரிய வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவருக்கு நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை. கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆரம்பிக்கும் முன் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அம்மாவுக்கு எந்தப் பேரைச் சொல்லி ஜெபிக்கட்டும்?"

"பேர் வேண்டாங்க ஐயரே" என்றேன். "சும்மா ஜெபம் பண்ணுங்க."

அவர் மெதுவான குரலில் ஜெபித்தார். அடுத்த வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்ததில் பாதி கேட்கவில்லை. முடித்ததும் காபி போடட்டுமா என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார். தெருவில் ஆள் இல்லை என்று நான் எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு போனார்.